நாவுலக் கற்கோயிலும் நாளைய நூலகரும்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே, நாவுல நகரை அடைவதற்குச் சற்று முன்னர், நாலந்தை என்றோர் இடமுண்டு. அங்கே வலப்புறமாகத் திரும்பிச் சிறிது தூரம் சென்றால், நீர்த்தேக்கம் ஒன்றின் ஓரமாக ஒரு சிறிய கற்கோயில் நிற்பதைக் காணலாம். நாலந்தை கெடிகே என்பது அதன் பெயர். எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் எழுந்ததாக ஆராய்ச்சியாளர் கூறுவர். பௌத்த வழிபாட்டுக்குரிய அந்தக் கட்டடம், மாமல்லபுரத்துப் பல்லவர் கோயில்களை நினைவூட்டும் சிற்ப அமைதியோடு விளங்குகின்றது. ஒரே கல்லில் இரு பண்பாடுகள் கைகோத்து நிற்கும் அக்காட்சியைக் காணத் தூரதேசத்தவரும் வருகின்றனர்.

ஆனால் அக்கோயில் இன்று நிற்கும் இடம் அது பிறந்த இடமன்று. மகாவலித் திட்டத்தின் கீழ்ப் போவத்தன்ன நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது, கோயில் இருந்த தாழ்நிலம் நீரில் மூழ்கவேண்டியதாயிற்று. கோயிலைக் கைவிடுவதா, காப்பதா என்ற கேள்வி எழுந்தது. 1975ஆம் ஆண்டிலே வேலை தொடங்கிற்று. கட்டடத்தைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்தனர். 1980ஆம் ஆண்டளவில், உயர்ந்த நிலத்தில், பழைய வடிவம் மாறாமல் மீண்டும் அடுக்கி முடித்தனர்.

இந்தக் கதையை நாம் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. கல்லைப் பெயர்ப்பது கடினமான காரியம்தான். ஆயினும் பாரந்தூக்கும் இயந்திரமும் பலமுள்ள ஆட்களும் இருந்தால் அது முடிந்துவிடும். பெயர்த்த கல்லை மீண்டும் அதன் இடத்தில் வைப்பது அப்படியன்று. எந்தக் கல் எந்த வரிசையில் இருந்தது, அதன் மேலே எது, கீழே எது என்ற குறிப்பு இல்லாவிட்டால், கோயில் என்னவாகியிருக்கும்? கற்குவியலாகத்தான் கிடந்திருக்கும். கல் ஒன்றுகூடக் குறைந்திராது. ஆனால் கோயில் இராது.

நம்முடைய நூல்களும் பத்திரிகைகளும் ஏடுகளும் இன்று அதே நிலையில் இருக்கின்றன. காலம் என்னும் வெள்ளம் ஏறிவருகின்றது. அவற்றைப் பெயர்த்துக் கணினிக்குள் கொண்டுசெல்லும் வேலை பல இடங்களில் நடைபெறுகின்றது. குவியலை ஆக்கப்போகின்றோமா, கோயிலை ஆக்கப்போகின்றோமா என்பது இயந்திரத்தைப் பொறுத்ததன்று. அந்த வேலைக்கு நாம் பழக்கப்போகும் பிள்ளைகளைப் பொறுத்தது.

படம் வேறு, நூலகம் வேறு

எண்ணிம நூலகம் என்று இன்று வழங்கப்படுவது யாது? நூலின் ஒவ்வொரு பக்கத்தையும் வருடி என்னும் கருவியால் படமாக்கி, அப்படத்தை எண்களாக மாற்றிக் கணினியில் சேமித்து, உலகின் எந்த மூலையிலிருந்தும் எவரும் படிக்குமாறு செய்வதே அது. மின்னூலகம் என்றும் சொல்வர்.

மாணாக்கர் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து அங்குல அகலமும் எட்டு அங்குல உயரமும் உள்ள ஒரு பக்கத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் படமெடுக்கின்றோம் என்று கொள்வோம். அகலத்தில் 1500 புள்ளி, உயரத்தில் 2400 புள்ளி. பெருக்கினால் 36 இலட்சம் புள்ளிகள். வண்ணப் படமாயின் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று பைட்டு வேண்டும். ஆகவே ஒரு பக்கத்துக்கு 1 கோடியே 8 இலட்சம் பைட்டு. இருநூறு பக்கமுள்ள நூலுக்கு 216 கோடி பைட்டு. அதாவது ஏறக்குறைய இரண்டு கிகாபைட்டு. சுருக்காத மூலப்படங்களாக வைத்தால், ஆயிரம் நூல்களுக்கு இரண்டாயிரம் கிகாபைட்டு வேண்டும். இன்று அவ்வளவையும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சேமிப்புப் பெட்டியில் வைத்துவிடலாம்.

விந்தைதான். ஆனால் அந்தப் பெட்டிக்குள்ளே இருக்கும் இரண்டு இலட்சம் படங்களுக்கும் வெறும் தொடர் எண்களே பெயராக இருந்தால், அவற்றுள் நமக்கு வேண்டிய நூலை எங்ஙனம் தேடுவது? இன்னார் இயற்றியது, இன்ன ஆண்டில் வெளிவந்தது, இன்ன பொருள் பற்றியது என்னும் விபரங்கள் ஒவ்வொரு நூலுக்கும் எழுதப்படவேண்டும். தரவைப் பற்றிய தரவு ஆதலின் இதனை மீதரவு என்பர். 1995ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து டப்ளின் நகரில் அறிஞர் கூடி, இதற்கென ஒரு பொது முறையை வகுக்கத் தொடங்கினர். தலைப்பு, ஆக்கியோன், பொருள், திகதி, மொழி முதலாகப் பதினைந்து கூறுகளைக் கொண்டது அம்முறை. பதினைந்து கூறுகளை மனனஞ் செய்ய அரைமணி நேரம் போதும். அவற்றைச் சரியாக நிரப்பக் கற்பதற்கோ ஆண்டுகள் வேண்டும்.

ஏடு மாறிய காலங்கள்

அறிவு ஓர் உடலை விட்டு மற்றோர் உடலுக்குப் பெயர்வது இது முதன் முறையன்று. நாவுலவிலிருந்து மாத்தளையை நோக்கி வருவோர், நகரை அடைவதற்கு முன்னரே அலுவிகாரையைக் காண்பர். கி. மு. முதலாம் நூற்றாண்டிலே, வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை பிக்குகளின் நினைவிலே வாழ்ந்துவந்த பாளித் திரிபிடகம் முதன் முதலாக ஓலையிலே எழுதப்பெற்றது அங்கேதான். பஞ்சமும் போரும் வந்து, மனனஞ் செய்தவர்கள் மடிந்தால் நூலும் மடிந்துவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணமாயிற்று. அந்த விகாரையும் 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது பெருஞ்சேதமுற்றது; அங்கிருந்த ஏடுகள் அழிந்தன.

பின்னர் ஓலையிலிருந்து தாளுக்குப் பெயரும் காலம் வந்தது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையை அச்சேற்றினார்கள். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் அவர்களின் சீவகசிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார வேற்றுமை, ஒகர ஓகார வேற்றுமை புலப்படா. செல்லரித்த இடத்தில் எழுத்தே இராது. கண்டதைக் கண்டபடி அச்சுக் கோத்திருந்தால் இன்று நாம் படிக்கத்தக்க நூல் கிடைத்திராது. பல பிரதிகளைத் தேடி, ஒப்பு நோக்கி, ஐயந்தெளிந்த பின்னரே அவர்கள் அச்சுக்குக் கொடுத்தார்கள். பழைய ஊடகத்தின் இயல்பையும் புதிய ஊடகத்தின் இயல்பையும் ஒருங்கே அறிந்தவர்களாலேதான் பெயர்ப்பு வேலை செவ்வையாக நடைபெறும் என்பதற்கு அவர்களிலும் சிறந்த சான்று வேண்டுமோ?

கணித ஆசிரியர் நூலகரான கதை

நூலகர் என்பவர் பிறப்பதில்லை, ஆக்கப்படுகிறார். இதனை நம்மவர்க்கு உணர்த்தியவர் சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் அவர்கள். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர் 1924ஆம் ஆண்டிலே சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக நியமனம் பெற்றார். தனிமையான அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. வகுப்பறைக்கே திரும்பிவிட எண்ணினார். இங்கிலாந்துக்குச் சென்று பயின்று வந்த பின் முடிவு செய்யலாம் என்று மேலோர் கூறவே, இலண்டனுக்குச் சென்றார்.

அங்கே ஒரு கடையில், துளையிட்ட தகடுகளையும் திருகாணிகளையும் கொண்டு விதவிதமான உருவங்களை அமைக்கும் குழந்தைகளின் விளையாட்டுக் கருவி ஒன்றைக் கண்டார். சில துண்டுகளைப் பலவாறாக இணைத்து எத்தனையோ உருவங்களை ஆக்கலாமாயின், அறிவுத்துறைகளையும் அவ்வாறே கூறு கூறாகப் பிரித்து இணைத்து வகுக்கலாமே என்ற எண்ணம் அவருக்குத் தோன்றிற்று. தாயகம் திரும்பும் வழியிலே கப்பலில் இருந்த நூல்களை வைத்தே தம் முறையைச் சோதித்துப் பார்த்தாராம். 1933ஆம் ஆண்டில் வெளிவந்த கோலன் பகுப்பு முறையின் வித்து அதுவே.

இரங்கநாதன் தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை என்பதே நாம் இங்கு வலியுறுத்த விரும்புவது. 1928ஆம் ஆண்டில் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. அடுத்த ஆண்டே நூலகர்க்கான பயிற்சி வகுப்புத் தொடங்கியது. 1931இல் பல்கலைக்கழகம் அதனை ஏற்றுக்கொண்டது. நூலக விஞ்ஞானத்தின் ஐந்து விதிகளை அவர் நூலாக வெளியிட்டதும் அதே ஆண்டிலேதான். நூல் பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுத்துவதற்கே என்பது அவற்றின் முதற் கருத்து. கணினியுகத்திலும் அதைக் கடந்த உபதேசம் இல்லை.

1959ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொதுநூலகம் அமைக்கப்பட்டபோது ஆலோசனை கூறியவர்களுள் இரங்கநாதன் அவர்களும் ஒருவர். அந்நூலகம் 1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் திகதி இரவு தீக்கிரையாயிற்று. ஏறத்தாழத் தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் சாம்பலாயின. அவற்றுட் சிலவற்றை விலை கொடுத்து மீண்டும் வாங்க முடிந்தது. வேறு பிரதி இல்லாத ஏடுகளையோ எந்த விலைக்கும் வாங்க இயலாது.

ஒரே இடத்தில் ஒரே பிரதி இருப்பதால் நேரும் ஆபத்தை அந்தத் தீ நமக்குக் கற்பித்தது. 1998ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் வாழும் தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைத் தம் கையாலேயே கணினியில் தட்டெழுதிச் சேர்த்தார்கள். 2005ஆம் ஆண்டிலே, ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிமமாக்கும் நூலகம் என்னும் திட்டத்தை இளைஞர் சிலர் தொடங்கினர். தன்னார்வலர்களின் உழைப்பினால் அது வளர்ந்து, பல்லாயிரக்கணக்கான ஆவணங்களை இன்று எவரும் விலையின்றிப் படிக்கத் தருகின்றது. தமிழகத்திலே, காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக வாழ்ந்த ரோஜா முத்தையா அவர்கள் வாழ்நாள் முழுவதும் சேர்த்துவைத்த நூல்களும் அழைப்பிதழ்களும் துண்டுப் பிரசுரங்களும், அவர் மறைவின் பின், 1994ஆம் ஆண்டில் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றன. இவை யாவும் நம்மவர் சாதித்தவை. இவற்றை அடுத்த தலைமுறைக்கு எடுத்துச் செல்பவர் யார் என்பதே இப்போதைய கேள்வி.

மூன்று சிவஞானசுந்தரங்கள்

நாளைய நூலகர் கற்கவேண்டியவை எவை? முதலாவது, பெயரறியும் கலை. ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம். நம் நாட்டு இலக்கிய உலகிலே சிவஞானசுந்தரம் என்ற பெயருடையார் மூவர் புகழ்பெற்றிருந்தனர். த. சிவஞானசுந்தரம், இலங்கையர்கோன் என்ற புனைபெயரிற் சிறுகதை எழுதினார். செ. சிவஞானசுந்தரம், மருத்துவப் பேராசிரியர். நந்தி என்ற பெயரில் மலையகத்தைக் களமாகக் கொண்ட மலைக்கொழுந்து என்னும் நாவலை எழுதியவர். சி. சிவஞானசுந்தரமோ சிரித்திரன் சஞ்சிகையை நடத்திய ஓவியர் சுந்தர். இயந்திரத்துக்கு மூவரும் ஒருவரே! ஒருவரின் சிறுகதையும் மற்றவரின் நாவலும் இன்னொருவரின் கேலிச்சித்திரமும் ஒரே பெயரின் கீழ்ச் சேர்ந்துவிட்டால், ஆராயவரும் மாணவன் என்ன பாடுபடுவான்? அதே வேளை நந்தி என்று தேடுபவனுக்கும் சிவஞானசுந்தரம் என்று தேடுபவனுக்கும் ஒரே நாவல் அகப்படவும் வேண்டும். இந்த விவேகத்தை இயந்திரத்துக்கு ஊட்டுபவர் நூலகரே.

இரண்டாவது, காலமறியும் கலை. பழைய நூல்கள் பலவற்றில் ஆண்டு எண்ணிராது. விகாரி வருடம் ஆவணி மாதம் என்றாற்போல இருக்கும். பிரபவ முதல் அட்சய ஈறாக அறுபது பெயர்களே உள்ளன ஆதலின், ஒவ்வொரு பெயரும் அறுபது ஆண்டுக்கொருமுறை திரும்பி வரும். 1899இல் தொடங்கியதும் விகாரி; 1959இல் தொடங்கியதும் விகாரி; 2019இல் தொடங்கியதும் விகாரி. தாளின் தன்மை, எழுத்தின் வடிவம், அச்சுக்கூடத்தின் பெயர், பாயிரம் பாடியோர் இவற்றைக் கொண்டே நூலகர் எந்த விகாரி என்று துணியவேண்டும்.

மூன்றாவது, எழுத்தறியும் கலை. படத்திலுள்ள எழுத்தைத் தானே வாசிக்கும் மென்பொருள்கள் இப்போது தமிழுக்கும் உண்டு. ஆனால் தமிழகத்தில் 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட ணகர, றகர, னகர ஆகார வடிவங்களையும், பழைய ஐகார வடிவங்களையும் அவை பலவேளைகளில் தவறாக வாசித்துவிடும். பாட்டியின் காலத்துப் புத்தகத்தைப் பாட்டியைப் போலவே படிக்கத் தெரிந்த பிள்ளையே அப்பிழையைத் திருத்தவல்லது. இன்னொரு சங்கடமும் உண்டு. ஒருங்குறி பரவுமுன், நம் நாட்டில் தமிழ்த் தட்டெழுத்துக்குப் பெரிதும் பயன்பட்டது பாமினி என்னும் எழுத்துரு. அதிலே நாம் அம்மா என்று தட்டினாலும், கணினி உள்ளே சேமிப்பது தொடர்பற்ற சில ஆங்கில எழுத்துக்களையே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அம்மா மறைந்துவிடுவாள். பொருளற்ற எழுத்துக் கூட்டம் மட்டுமே தோன்றும். அக்காலத்து மலர்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவிலேயே காப்பாற்ற விரும்புவோர் இந்த மாற்றுக் கணக்கை அறிந்திருத்தல் அவசியம்.

துண்டு என்றால் துண்டல்ல

நான்காவது, பொருளறியும் கலை. இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. மாத்தளை மாவட்டத்து மக்களுக்கு மிக நெருக்கமானதும் இதுவே.

நாவுல நகரை ஊடறுத்துச் செல்லும் அந்த நெடுஞ்சாலையின் வழியை நினைத்துப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, கோப்பித் தோட்டங்களுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டினூடே நடந்து, தம்புள்ளை, நாலந்தை வழியாகவே மாத்தளையை அடைந்தார்கள். நோயினாலும் பசியினாலும் வழியிலேயே மாண்டவர் பலர். அவர்களுக்கு நடுகல் இல்லை. அவர்கள் பெயர் சொல்லும் நூலும் இல்லை. தப்பிப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டிலே, தகரப் பெட்டிகளுக்குள், சில காகிதங்கள் மாத்திரம் எஞ்சியிருக்கின்றன.

அப்படிப்பட்ட ஒரு பெட்டியிலிருந்து துண்டு ஒன்று கிடைக்கின்றது என்று கொள்வோம். தோட்டத்து வரலாறு அறியாத ஒருவர் அதனைப் படமெடுத்து, காகிதத் துண்டு, ஆங்கிலக் கையெழுத்து, ஒரு பக்கம் என்று பதிந்துவிடுவார். அவர் எழுதியதிற் பொய் ஏதுமில்லை. ஆனால் உண்மையும் இல்லை. துண்டு என்பது, கங்காணியும் அவருடைய ஆட்களும் தோட்டத்துக்குப் பட்ட கடனை மற்றொரு துரை செலுத்தினால் அவர்களை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டு. மனிதரைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றிய அந்த முறை 1921ஆம் ஆண்டிலே சட்டத்தால் நீக்கப்பட்டது. இதனை அறிந்தவர் பதியும்போது அது ஒரு சமூகத்தின் வரலாற்றுச் சாட்சியமாகின்றது. அறியாதவர் பதியும்போது வெறுங் கடதாசியாகின்றது.

துண்டு மாத்திரமா? 1920ஆம் ஆண்டுகளிலே கோ. நடேசய்யர் அவர்கள் நடத்திய தேசநேசன், தேசபக்தன் போன்ற பத்திரிகைகளின் இதழ்கள், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பின் குடும்பங்கள் நிரப்பிய விண்ணப்பங்கள், 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் கடல் கடந்து போன உறவினர் எழுதிய கடிதங்கள், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் பழைய இடாப்புகள், கோயில் திருவிழா அறிவித்தல்கள் யாவும் இந்த வகையைச் சேர்ந்தவையே. மலிவான தாளில் உள்ள அமிலம் அத்தாளையே நாளுக்குநாள் அரித்துக்கொண்டிருக்கின்றது. இன்னாருடைய கடிதம், இன்ன புகைப்படம் என்று சொல்லக்கூடிய முதியோரும் ஒருவர் பின் ஒருவராக விடைபெறுகின்றனர். தாள் போன பின் படம் இல்லை. முதியவர் போன பின் படத்துக்குப் பொருள் இல்லை.

காவற்காரரின் கடமை

ஐந்தாவது, காக்கும் கலை. கணினியில் ஏற்றிவிட்டால் சிரஞ்சீவியாகிவிடும் என்று எண்ணுவது பேதைமை. இங்கிலாந்திலே 1086ஆம் ஆண்டில் தோலில் எழுதப்பட்ட டூம்ஸ்டே என்னும் நிலக்கணக்கேடு இன்றும் படிக்கக்கூடியதாக இருக்கின்றது. அதன் தொள்ளாயிரமாவது ஆண்டு நினைவாக, 1986இல் பீ.பீ.சீ. நிறுவனம் புதிய டூம்ஸ்டே ஒன்றை ஒளித்தட்டில் வெளியிட்டது. பதினைந்து ஆண்டு கழிவதற்குள் அந்தத் தட்டை வாசிக்கும் கருவிகள் அருகிவிட்டன. ஆராய்ச்சியாளர் அரும்பாடுபட்டே அதனை மீட்டனர். 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தின் கணினிகள் கயவரின் தாக்குதலுக்கு உள்ளாயின. நூல்கள் அடுக்கிலே பத்திரமாக இருந்தன. ஆனால் அவற்றை இணையத்திற் தேடித் தரும் பட்டியல் முடங்கிற்று. 2024 சனவரியிலேதான் அப்பட்டியல் ஓரளவுக்குத் திரும்பியது. பட்டியல் இல்லாத நூலகம் எவ்வளவு பெரிதாயினும் ஊமை என்பதை உலகமே கண்டது.

ஆதலால் மூன்று பிரதி, இரண்டு விதமான சேமிப்பு, ஒரு பிரதி வேறூரில் என்பதை நூலகர்கள் பால பாடமாகக் கொள்கின்றனர். ஒவ்வொரு கோப்புக்கும் கணக்கிட்டு வைத்த சரிபார்ப்பு எண்ணைக் காலத்துக்குக் காலம் ஒப்பிட்டு, உள்ளே ஓர் எழுத்தேனும் சிதைந்ததா என்று பார்க்கின்றனர். வீட்டுக்கு வெள்ளையடிப்பது போன்ற ஓயாத வேலை இது.

இவற்றோடு சட்டமும் மனச்சாட்சியும் வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, நம் நாட்டில் ஆக்கியோனின் உரிமை அவர் வாழ்நாளும் அதன்பின் எழுபது ஆண்டும் நிலைக்கும். அதற்குட்பட்ட நூலை உரியவரின் அனுமதியின்றி வெளியிடலாகாது. சட்டம் தடுக்காத இடத்திலும், ஒரு குடும்பத்தின் அந்தரங்கக் கடிதத்தை ஊரறியக் காட்டலாமா என்று தன் நெஞ்சைக் கேட்பவரே நல்ல நூலகர்.

எங்கே பயில்வது?

இலங்கை நூலகச் சங்கம் 1960ஆம் ஆண்டிலே தோன்றி, நூலகர்க்கான வகுப்புகளை நீண்டகாலமாக நடத்தி வருகின்றது. களனிப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு துறை இருக்கின்றது. கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவகம் 1999ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. படிப்பு முடித்து என்ன செய்வதென்று யோசிக்கும் பிள்ளைகளும் அவர்தம் பெற்றோரும் இவற்றை விசாரித்து அறிதல் நன்று. வைத்தியமும் பொறியியலும் தவிர வேறு படிப்பே இல்லை என்றிருக்கும் நம் வீடுகளில் இந்தப் பேச்சு எழவேண்டும்.

ஆயினும் மூன்று குறைகளை நாம் கூறாதிருக்க இயலாது. தமிழ் மூலம் இத்துறையைக் கற்பதற்கான நூல்களும் வகுப்புகளும் இன்னும் பெருகவேண்டும். தலைநகரை அண்டியவர்க்கு எட்டும் பயிற்சி, தோட்டப்புறத்துப் பிள்ளைக்கும் எட்டவேண்டும். மூன்றாவதாக, கருவி இயக்கத் தெரிந்தவர்க்கு வரலாறும் மொழியும், வரலாறும் மொழியும் தெரிந்தவர்க்குக் கருவியும் கற்பிக்கப்படல் வேண்டும். ஒன்று மட்டும் அறிந்தவர் ஒரு கையால் கல் தூக்குபவர் ஆவார்.

வீட்டிலேயே ஒரு பாடம்

பல்கலைக்கழகம் செல்லும் வரை காத்திருக்கவேண்டியதில்லை. வரும் விடுமுறையில் வீட்டிலே ஒரு பெட்டியைத் திறவுங்கள். அதிலுள்ள நூல், கடிதம், படம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுங்கள். தாளின் மேல் பேனாவால் எழுதாது, தனியே ஓர் அப்பியாசக் கொப்பியிலே எழுதுங்கள். இது என்ன, யாருடையது, எப்போது, எங்கே, யார் சொல்லி அறிந்தோம் என்ற ஐந்து கேள்விகளுக்கும் விடை குறியுங்கள். விடை தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். ஊகத்தை உண்மையாக எழுதுவதே நூலகர் செய்யக்கூடிய பெரும் பாவம்.

பின்னர் அம்மம்மாவையோ தாத்தாவையோ அருகில் அமர்த்தி, ஒவ்வொரு படத்தையும் காட்டிக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள். அதன் பிறகே கைப்பேசியை எடுத்து, சன்னல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், நான்கு ஓரமும் தெரியும்படி படமெடுங்கள். படத்துக்கும் அதே எண்ணைப் பெயராக இடுங்கள். ஒரு பிரதியை வேறூரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். மூலத்தை ஒருபோதும் எறிந்துவிடாதீர்கள். இவ்வளவும் செய்த பிள்ளை, தன்னையறியாமலே நூலகக் கல்வியின் முதல் வகுப்பில் தேறிவிட்டது என்று நாம் துணிந்து கூறுவோம்.

பாடசாலை நூலகத்துக்குப் பொறுப்பான ஆசிரியர்கள் விரும்பினால், பத்து மாணாக்கரைச் சேர்த்து இதனையே ஊர் முழுவதற்கும் விரிக்கலாம். கோயிலும் பள்ளிவாசலும் சனசமூக நிலையமும் பழைய ஆவணங்களைத் தந்து உதவக்கூடும். நாவுல போன்ற ஓர் ஊரிலே சிங்களமும் தமிழும் அறிந்த பிள்ளைகள் இருவர் ஒன்றாக அமர்ந்து ஒரு பட்டியல் எழுதினால், அந்தப் பட்டியலும் அக்கற்கோயிலைப் போன்றே ஓர் அழகிய காட்சியாகாதோ?

மழைக்காலத்தில் நீர்த்தேக்கம் நிறைந்திருக்கும்போது கெடிகேயின் அருகே நின்று பார்ப்பவர்க்கு, அக்கோயில் முன்பு இருந்த இடம் தெரியாது. அங்கே தண்ணீர்தான் தெரியும். கோயிலைப் பிரித்தவர்களும் அடுக்கியவர்களும் தம் பெயரை அக்கற்களிற் பொறித்துக்கொள்ளவில்லை. ஆயினும் கல் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருக்கின்றது. நாளைய நூலகர்க்கும் அதற்கு மேலான புகழ் வேண்டுவதில்லை. அத்தகைய பிள்ளைகளைப் பழக்குவதற்கு நமக்கு எஞ்சியிருக்கும் காலமோ மிகச் சிறிது, வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கின்றது.